ஆள் வந்தால் மொழி மாறும் வீடு

ஸ்டெஃபான் போளியைப் பாதி கடித்திருந்தார். மீதிப் பாதி அவர் கையில் இருந்தது.

ஆடி மாதத்துக் காலை. காற்று விடாமல் அடித்ததால் எல்லா சன்னல்களுக்கும் கொக்கி போட்டிருந்தோம். அப்படியும் எங்கோ ஒரு கதவு தடதடத்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலைதான் அவர் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கியிருந்தார். என் மருமகள் யெல்காவின் அப்பா. ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரத்தில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரர். எழுபதைத் தாண்டியவர். இதயத்துக்கு ஏதோ சிகிச்சை நடந்திருந்தது. இவ்வளவு தூரம் பறப்பது இதோடு போதும் என்று சொல்லித்தான் மருத்துவர் அனுப்பியிருந்தார்.

அவர் கோவில்பட்டியைப் பார்க்க வரவில்லை. மீராவைப் பார்க்க வந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே பேத்தி. அப்போது அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது.

அவர் குனிந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாக ஏதோ கேட்டார். குரோஷிய மொழியில். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மீரா அவரைப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"தாத்தா, அந்தத் தாத்தா என்ன சொல்லுதாவ?"

யெல்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஸ்டெஃபானுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் என்ன நடந்தது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. பாதிப் போளியைத் தட்டில் திரும்ப வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "வெரி ஸ்வீட்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குழந்தைக்கு அவருடைய மொழி மறந்துபோனதற்குக் காரணம் நான்தான்.

போன மாதம் ரயில் நிலையத்தில் ஒரு வாசகர் என்னை அடையாளம் கண்டு, "சார், ஒங்க தொடர தவறாமப் படிக்கேன். ஆனா ஒண்ணு, தப்பு பூராத்தையும் மத்தவங்கதான் செய்யுதாங்க" என்றார். சிரித்து மழுப்பிவிட்டு ரயில் ஏறினேன். இந்த வாரத்தை அவருக்காக எழுதுகிறேன்.

காற்று கூட்டிவந்த சம்பந்தம்

என் மகன் சீனி காற்றாலைப் பொறியாளன். எங்கள் கரிசல் காட்டில் பருத்திக்கும் உளுந்துக்கும் நடுவே நிற்கிற ராட்சத விசிறிகளைப் பழுது பார்ப்பது அவன் தொழில். பயிற்சிக்காக ஆஸ்திரியாவுக்குப் போனான். அங்கேயும் ஒரு வெட்டவெளி, ஓயாத காற்று, வரிசை வரிசையாகக் காற்றாலைகள். அலுவலகத்தில் எதிர் மேசையில் யெல்கா.

"அவ வீட்டுல குரோஷிய மொழி பேசுவாங்கப்பா" என்று தொலைபேசியில் சொன்னான்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லையா, திருத்தினேன். "குரோஷியா தனி நாடுல்லா? நீ இருக்கிறது ஆஸ்திரியா."

"நாம வீட்டுல தெலுங்கு பேசுதோம். ஆந்திராவுலயா இருக்கோம்?"

எங்கள் முன்னோர் வடக்கேயிருந்து எப்போது, எதற்காக வந்தார்கள் என்பதற்கு எங்கள் உறவில் வீட்டுக்கு ஒரு கதை உண்டு. வந்தது மட்டும் நிச்சயம். வந்து, இந்தக் கறுப்பு மண்ணைக் கட்டிக்கொண்டு, பல தலைமுறையாக இங்கேயே கிடக்கிறோம். வாசலுக்கு வெளியே தமிழ், உள்ளே தெலுங்கு. எழுதுவது படிப்பது எல்லாம் தமிழில். தெலுங்கு எழுத்து எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

யெல்காவின் ஆட்கள் கதையும் அதே போலத்தான். ஏறக்குறைய ஐந்நூறு வருஷத்துக்கு முன், துருக்கியப் படைகள் குரோஷிய நாட்டுக்குள் ஏறி வந்தபோது, ஊர்கள் எரிந்தன. வடக்கே நிலம் வைத்திருந்த பிரபுக்களுக்கோ, போரில் காலியாகிப்போன தங்கள் கிராமங்களில் உழ ஆள் வேண்டியிருந்தது. கூட்டம் கூட்டமாகக் குடிபெயர்ந்தார்கள். நாடுகளின் எல்லைகள் பிறகு எத்தனையோ முறை மாறின. அந்த கிராமங்களில் சில இன்று ஆஸ்திரியாவில், சில ஹங்கேரியில், சில ஸ்லோவாக்கியாவில் இருக்கின்றன. வெளியே ஜெர்மனோ ஹங்கேரியனோ பேசிக்கொண்டு, வீட்டுக்குள்ளும் மாதா கோயிலிலும் குரோஷியனை வைத்துக்கொண்டார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஐரோப்பிய வரலாறு நடத்தினேன். வியன்னா முற்றுகையைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். எந்தப் பக்கம் துருக்கியர், எந்தப் பக்கம் கோட்டை, அம்புக்குறி எல்லாம் போடுவேன். அந்த அம்புக்குறிகளுக்கு நடுவே மாட்டையும் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு போனவர்களைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. எனக்கே தெரியாது. என் மருமகள் சொல்லித்தான் தெரிந்தது.

கழுத்தில் கட்டிய நாடு

தெரிந்துகொண்ட பிறகு ஆசை பிடித்துக்கொண்டது. ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் ஒரு விஷயம் சிக்கினால் விடமாட்டான்.

ரஷ்ய மொழிக்கும் போலிஷ் மொழிக்கும் குரோஷியன் உறவுக்காரி. செர்பிய, போஸ்னிய மொழிகள் கூடப்பிறந்தவை. ஒருவர் பேசினால் மற்றவருக்குப் புரியும். எல்லாம் ஒன்றுதானே என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆங்கில எழுத்துதான், ஆனால் சில எழுத்துகளின் தலைமேல் சின்னக் கொண்டை போட்டிருப்பார்கள். 'என்ன' என்று கேட்க எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை வைத்தே வட்டார வழக்குகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். யெல்கா ஊரில் பலரும் 'சா' என்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஒரு சனத்தை அவர்கள் கேட்கிற கேள்வியை வைத்து அடையாளம் சொல்வது நல்ல முறைதான்.

யெல்கா குரோஷியாவின் தலைநகரத்துக்குப் போனால், அவள் பேச்சைக் கேட்டு, பாட்டன் பூட்டன் காலத்துப் பேச்சு என்று சிரிப்பார்களாம். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. ஒரு கருத்தரங்குக்காக ஹைதராபாத் போயிருந்தபோது ஆட்டோக்காரரிடம் எங்கள் வீட்டுத் தெலுங்கில் வழி சொன்னேன். வண்டியை ஓரம் கட்டி, திரும்பிப் பார்த்து, "சாருக்கு எந்த தேசம்?" என்று கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'கிராவட்' என்று ஆங்கிலத்தில் கழுத்துப்பட்டைக்குப் பெயர் உண்டே, அது குரோஷியர் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் படையில் சேர்ந்த குரோஷியச் சிப்பாய்கள் கழுத்தில் துணி கட்டியிருந்தார்களாம்; அதைப் பார்த்துப் பிரெஞ்சுப் பிரபுக்களும் கட்டிக்கொண்டார்களாம். காலையில் எங்கள் தெரு முனையில் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். புழுங்குகிற வெயிலில் ஒவ்வொரு கழுத்திலும் ஒரு டை. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டிக்கொண்டு போனவன்தான். டை கட்டிய பிறகு தெலுங்கு வாயில் வரவில்லை. அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

ஒரு மேசைக்கு ஒரு மொழி

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, தானாகவே வந்துவிடும். உள்ளே தெலுங்கில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். தமிழ் மட்டும் பேசுகிறவர் ஒருவர் படி ஏறினால், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வீடே தமிழுக்கு மாறிவிடும். பாதி வாக்கியத்தில் மாறுவோம். அவருக்குப் புரியாத மொழியில் அவர் முன்னால் பேசுவது மரியாதை இல்லை.

நான் இந்த மரியாதையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தவன். கல்லூரியில் வேலை கிடைத்த பிறகு மனைவி கோதையிடமும் தமிழிலேயே பேச ஆரம்பித்தேன். அவள் தெலுங்கில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். சீனி அதைக் கேட்டு வளர்ந்தான். அவனுக்குத் தெலுங்கு புரியும். பேசச் சொன்னால் நாலு வார்த்தைக்கு மேல் நகராது.

காற்றாலை வேலை கயத்தாறு பக்கம் அமைந்ததால் சீனியும் யெல்காவும் குழந்தையோடு ஆஸ்திரியாவிலிருந்து எங்கள் வீட்டுக்கே குடிவந்தார்கள். வந்த புதிதில் மீரா அம்மாவிடம் குரோஷியனில் பொரிந்து தள்ளுவாள். ஒருநாள் என் பழைய கல்லூரி நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். குழந்தை ஏதோ கேட்க, யெல்கா அவர்கள் முன்னாலேயே தன் மொழியில் நீளமாகப் பதில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நண்பர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அவர்கள் போன பிறகு யெல்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். நம் வீட்டில் மேசைக்கு ஒரு மொழி, ஆள் இருக்கும்போது அதில்தான் பேச வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஜெர்மன் தெரிஞ்சாலாவது பிழைக்க உதவும். அந்தக் கிராமத்துப் பேச்சு பிள்ளைக்கு எதுக்கும்மா?" என்றேன்.

"சரி மாமா" என்றாள் யெல்கா. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் ஏது? பால்காரர், பக்கத்து வீட்டார், சீனியின் ஆட்கள், என் பழைய மாணவர்கள். யெல்காவின் மொழி முதலில் அறைக்கதவுக்கு உள்ளே ஒதுங்கியது. ஒரு வருஷத்துக்குள் கதவுக்கு உள்ளேயும் மீரா தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். நல்ல கோவில்பட்டித் தமிழ். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறைக்குள் நின்ற பேச்சு

போளி தட்டில் மீந்த அந்த நாளுக்குப் பிறகு ஒரு வாரம் போல ஆகியிருக்கும். ஸ்டெஃபான் குறை சொல்லவில்லை. கொத்தனாராக வேலை பார்த்தவர். எங்கள் வீட்டுச் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, பூச்சு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். மீராவுக்குப் படம் வரைந்து காட்டினார். அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சு மட்டும் இல்லை. அவர் திரும்பிப் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம் முன்னறையில் அவரும் யெல்காவும் குரோஷியனில் பேசிக்கொண்டிருந்தார்கள். குரல் ஏறி இறங்கியது. யெல்கா அப்படிப் பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. என் கண்ணாடியைத் தேடி உள்ளே போனேன்.

வாக்கியத்தின் நடுவே இரண்டு பேரும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள்.

அந்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். ஆயிரம் முறை நானே செய்திருக்கிறேன். ஆனால் வாழ்நாளில் முதல் முறையாக அன்றுதான் அதன் மறுபக்கத்தில் நின்றேன். அறை மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் நான் வந்ததால் அங்கே ஏதோ அணைந்துவிட்டது.

"ஏன் நிறுத்துனீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நீங்கள் வந்தீர்களே" என்றார் ஸ்டெஃபான். அவருக்கு அதில் விளக்க ஒன்றுமில்லை. பிறகு அவரே சொன்னார். அவர் ஊர் சாராயக்கடை மேசையில் பத்துப் பேர் உட்கார்ந்து குரோஷியனில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஜெர்மன் பேசுகிற ஒருவர் வந்து உட்கார்ந்தால் பத்துப் பேரும் ஜெர்மனுக்கு மாறிவிடுவார்கள். வீட்டுக்கு ஜெர்மன்கார மாப்பிள்ளை வந்தால் வீடே மாறிவிடும். அவர் வியன்னாவில் வாரம் முழுக்கக் கட்டட வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறவர். "ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மாறிய மேசைகள் கூடியிருக்கும்" என்றார். "எங்களை யாரும் விரட்டவில்லை. நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள்."

யெல்கா தமிழில் என்னிடம் சொன்னாள். அவள் தமிழ் கோதையிடம் கற்றது.

"மாமா, அத்தை அடுப்படியில தெலுங்குல பேசுதாவ. நான் உள்ள போனா தமிழுக்கு மாறுதாவ. எனக்கு அது என்னன்னு தெரியும். எங்க ஊர்லயும் அப்படித்தான். நான் இங்கன வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் விருந்தாளிதானா?"

நான் உட்கார்ந்தேன். ஸ்டெஃபானிடம் சொல்லிவிட்டேன். குழந்தையிடம் உங்கள் மொழியைப் பேச வேண்டாம் என்று சொன்னது நான்தான், கிராமத்துப் பேச்சு என்று சொன்னதும் நான்தான், உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன்.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும். அவள் அந்த வாரமே தொலைபேசியில் சொல்லி அழுதாள். சண்டை போடுவதென்று தீர்மானித்துத்தான் விமானம் ஏறினேன். உங்கள் மனைவியின் சமையல் கெடுத்துவிட்டது." பிறகு, "கோபம் முழுசாகப் போகவில்லை. காலையில் கொஞ்சம் இருக்கிறது" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்

அன்று மாலை எல்லாரையும் வைத்துக்கொண்டு அறிவித்தேன். இனி இந்த வீட்டில் யார் உள்ளே வந்தாலும் யாரும் மொழியை மாற்றக்கூடாது. அவரவர் பேச்சு அவரவருக்கு. யெல்கா மீராவிடம் எங்கே வேண்டுமானாலும் குரோஷியனில் பேச வேண்டும்.

கோதை முறுக்குத் தட்டைக் கீழே வைத்தாள். "சட்டம் நல்லாத்தான் இருக்கு. மொதல்ல நீங்க பேசுங்க பாப்போம். எங்கிட்ட தெலுங்குல பேசி எத்தன வருசமாச்சு?"

பேசினேன். அவளிடம் தண்ணீர் கேட்டேன், தெலுங்கில். அந்த ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை தமிழில் விழுந்து எழுந்தேன். கோதைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, கடைசியில் தண்ணீர் அவளுக்குத்தான் தேவைப்பட்டது.

அந்த நேரத்தில் மாரிமுத்து அண்ணாச்சி உள்ளே வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், கடலைமிட்டாய்க் கடை வைத்திருப்பவர். தினமும் அந்த நேரத்துக்குச் செய்தித்தாள் படிக்க வருவார். புதுச் சட்டப்படி நாங்கள் நிறுத்தவில்லை. கோதை தெலுங்கில் தொடர்ந்தாள், நான் திக்கித் திக்கிப் பதில் சொன்னேன். அந்தப் பக்கம் ஸ்டெஃபானும் யெல்காவும் குரோஷியனில்.

அண்ணாச்சி வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன சார், நான் என்னமும் தப்பாப் பேசிட்டனா? எல்லாரும் சேந்து திட்டுதீங்களா?"

"இல்ல அண்ணாச்சி, இனிமே ஆளுக்காக மாறக்கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். ஒங்களுக்குப் புரியாம சங்கடமா இருந்தா..."

"புரியாமலா?" அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாப்பது வருசமா ஒரே சுவரு. அந்தப் பக்கம் எல்லாம் கேக்கும்லா! எனக்கு ஒங்க தெலுங்கு அத்துபடி சார். அம்மா என்னைய கருமின்னு சொன்னதுல இருந்து எல்லாம் தெரியும். நீங்கதான் நான் வந்த ஒடனே தமிழுக்கு மாறிருவீங்க. சரி, பெரிய மனுசங்க, மரியாதை குடுக்காங்கன்னு இருந்துட்டேன்."

கோதை முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். "அது என்னைக்கோ சொன்னது அண்ணாச்சி."

"போன தீவாளிக்கும் சொன்னீங்கம்மா."

ஸ்டெஃபான் என்ன விஷயம் என்று கேட்க, யெல்கா சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. மீரா அவர் வயிறு குலுங்குவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அண்ணாச்சி ஒரு பொட்டலம் கடலைமிட்டாயோடு வந்து, "ஸ்டீபன் அண்ணாச்சி, இது கருமி குடுத்தது" என்று அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

காட்டில்

குழந்தை ஒரே நாளில் பேசிவிடவில்லை. முதலில் யெல்கா கேட்பதற்குத் தமிழில்தான் பதில் சொன்னாள். யெல்கா விடவில்லை. பால்காரர் முன்னால், சீனியின் ஆட்கள் முன்னால், என் மாணவர்கள் முன்னால் கூச்சமில்லாமல் பேசினாள். அவள் நடையே மாறிவிட்டது. அடுப்படியில் அவள் நிற்கும்போதே கோதை என்னைத் தெலுங்கில் வைதாள். அதைக் கேட்டு யெல்காவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனி எங்களைக் காற்றாலைகள் நிற்கிற காட்டுக்கு அழைத்துப்போனான். உழுது போட்ட கரிசல், மழைக்காக வாய் பிளந்து கிடந்தது. தலைக்குமேல் இறக்கைகள் ஊஷ் ஊஷ் என்று சுற்றின. ஸ்டெஃபான் ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்கள் ஊர் போல இருக்கிறது" என்றார். காற்று அவர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

மீரா அதைத் துரத்தினாள். உழவுச் சாலில் விழுந்து எழுந்து, தொப்பியைப் பிடித்துவிட்டு, அங்கிருந்தே அவரைப் பார்த்துக் கத்தினாள். "ஹோதி!"

குரோஷியனில் 'வா' என்று அர்த்தமாம். ஸ்டெஃபான் ஓடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் ஓடினார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின மதியம். கண்ணாடியைத் தேடி முன்னறைக்குப் போனேன். ஸ்டெஃபான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் மீரா, நடுவே போளித் தட்டு. அவள் ஒரு போளியைப் பிய்த்து அவருக்குக் கொடுத்துக்கொண்டே நீளமாக ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் தமிழைச் செருகிக்கொண்டாள். நடுநடுவே 'தாத்தா, தாத்தா' என்று வந்தது. என்னைப் பற்றிய புகார் என்று தெரிந்தது. அவர் தீவிரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தேன். இரண்டு பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

பேச்சு நிற்கவில்லை.

ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்றும் புரியவில்லை. வெளியே கதவு தடதடத்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கொக்கி போட எனக்கு மனம் வரவில்லை.